கொத்துக்கரண்டி நிலை வீரர்

2016 பிப்ரவரி 2, செவ்வாய்க்கிழமை காலை, லங்காஷயரின் ஹார்க்கில்டன் நகரில் கேப்டன் என்ற நாய் கால்வாயில் விழுந்தது. தண்ணீர் இடுப்பளவு இருந்தது. பொரித்த மீன் கடை நடத்தும் மேவிஸ் ஹாஸ்லம் இறங்கி அதைத் தூக்கினார். வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் ஹெட்லி என்ட்விசில் கரையில் நின்று மேவிஸ் கழற்றிக் கொடுத்த கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் ஒரு பெரிய ரொட்டி அளவே இருக்கும். அதன் எஜமானி திருமதி பில்லிங் அதைத் தன் கழுத்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, தபால் நிலையத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். மேவிஸ் பல் கிட்டிக்க நின்றார். ஹெட்லி கோட்டைத் தன் மேல்சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்ததால், வாங்கிப் போட்டுக்கொண்டபோது அது வெதுவெதுப்பாக இருந்தது.

"பரவால்லியே, இஸ்திரி போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு," என்றார் மேவிஸ்.

மனைவி போனதிலிருந்து ஹெட்லி வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கடையில்தான் சாப்பிடுகிறார். கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இரண்டு குளிர்காலமாக மனதில் உருட்டிக்கொண்டிருந்த கேள்வி அப்போது வாயில் வந்துவிட்டது. "மே மாசம் லீவு திங்கக்கிழமை வருதே, மோர்கம் கடற்கரைக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா, மேவிஸ்?"

"முதல்ல என் கால் வெரலுக்கு உயிர் வரட்டும் கண்ணு. அப்புறம் சொல்றேன்."

மேவிஸ் எல்லாரையும்தான் கண்ணு என்பார். இருந்தாலும் அன்று முழுவதும் ஹெட்லி கழற்றிய திருகுகளைத் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் தபால் நிலையத்து வரிசையில் நின்று நகர மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மன்றத்தில் குடிமக்கள் பெருமைப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் துணிவுப் பதக்கம் கொடுப்பது அதன் வேலை. அந்த ஆண்டு தண்ணீர் சம்பந்தப்பட்ட வீரர் ஒருவர் அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார். பிரிவின் தலைவி பிலிப்பா கிரிம்ஷா ஹெட்லியின் சமையலறைக்கு வந்து, தேநீரை மறுத்து, பேனாவைத் திறந்தார்.

"மிஸ்டர் என்ட்விசில், அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. நான் எதுவும் பண்ணல."

"எதுவுமே?"

"கோட்டைப் புடிச்சிட்டு நின்னேன். எறங்கினது மேவிஸ்."

"அற்புதம்," என்றார் பிலிப்பா. மனதார நெகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார்.

பிலிப்பாவைக் குறை சொல்ல முடியாது. எரிகிற வீட்டிலிருந்து மூன்று பேரைத் தூக்கி வந்தவரும் அந்த ஊரில், 'அந்தப் பக்கமாத்தான் போயிட்டிருந்தேன்' என்றுதான் சொல்வார். தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தவர், 'சும்மா இருந்தது, குடுத்தேன்' என்பார். ஒன்றும் செய்யாதவர் சொல்லக்கூடியதும் அதே வார்த்தைகள்தான். இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கும் வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மன்றம் தேடவும் இல்லை.

"மேவிஸைக் கேட்டீங்களா?" என்றார் ஹெட்லி.

"கேட்டோம்." பிலிப்பாவின் முகம் சுருங்கியது. "ஆமா, நான்தான் எறங்கினேன், தண்ணி ஐஸ் மாதிரி இருந்துச்சுன்னாங்க."

"அதானே நடந்துச்சு?"

"இருக்கலாம். அதுக்காக அப்படியா சொல்றது, மூஞ்சிக்கு நேரா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செஞ்சவங்க யாரும் செஞ்சேன்னு சொல்ல மாட்டாங்க. எங்க விதி ரொம்பத் தெளிவு. தன் வாயால தன்னைப் பத்தி ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான், ஆள் போட்டியிலயே கெடையாது. அந்தம்மா ஒரே மூச்சுல ரெண்டு சொல்லிட்டாங்க."

"நான் சொல்றது நெசம்ங்க. சத்தியமா நான் எதுவும்..."

"தெரியுது, தெரியுது," என்று பிலிப்பா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "இவ்வளவு அழுத்தமா மறுக்கறவரை நான் பார்த்ததில்ல."

பதக்க விழாவில் வாசிப்பதை எழுதும் புகழுரைத் துணைக்குழு மார்ச் மாதம் கூடியது. ஹெட்லியையும் அழைத்திருந்தார்கள். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்த ஊர் மதுக்கடைகளில் கதை கட்டுபவனை நூல் நூற்கிறான் என்பார்கள். ஒருவரை அளவுக்கு மேல் தூக்கி வைத்துப் பேசினால் வெண்ணெய் தடவுகிறான் என்பார்கள். அதற்கும் மேலே போனால், கொத்துக்கரண்டியால் அப்புகிறான் என்பார்கள். மிகைப்படுத்தல் என்ற சொல் அலுவலகத்தில் தடை செய்யப்பட்டிருந்ததால், வசவாகப் புழங்கிய இந்த மூன்றையும் மன்றம் நிர்வாகச் சொற்களாக உயர்த்தி வைத்திருந்தது. நூல் நிலையில் அளவுகளை மாற்றலாம். வெண்ணெய் நிலையில் ஆளின் குணத்தை மாற்றலாம். கொத்துக்கரண்டி நிலையில் நடந்ததை மாற்றலாம். அதற்குத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அளவு மீறுகிறது என்று தோன்றினால், புட்டிங்கில் முட்டை கூடிப்போச்சு என்று உறுப்பினர் எவரும் கூட்டத்துக்கு ஒரு முறை ஆட்சேபம் சொல்லலாம். சொன்னதும் தேநீர் கொண்டு வருவார்கள். ஆட்சேபம் அத்துடன் முடிந்தது.

துணைக்குழுத் தலைவர் கவுன்சிலர் கிரான்வில் சட்கிளிஃப், மரச்சாமான் கடை வைத்திருப்பவர். ஹெட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அதை விடாமலே பேசினார்.

"மிஸ்டர் என்ட்விசில், இங்க யாரும் பொய் சொல்ல மாட்டோம். அதுல நாங்க கறார். உண்மை நோஞ்சானா வந்து நிக்குது, நாலு வேளை சோறு போட்டு அனுப்பறோம், அவ்வளவுதான். போன வருஷம் ஒருத்தரு பூனையைக் காப்பாத்தினாரு. அவரு ஏறினது முக்காலி மேல. நாங்க மணிக்கூண்டுன்னு போட்டோம். யாருக்கு என்ன நஷ்டம்? பூனைக்கு உயரம் தெரியுமா? நூலகத்தை மூடினப்போ, புத்தகங்கள் மக்களைத் தேடிப் புறப்பட்டு விட்டனன்னு போட்டோம். ஒரு புகார் வரலியே. புகார் எழுதறவங்க எல்லாம் நூலகத்துல உக்காந்துதான் எழுதிட்டிருந்தாங்க."

பிலிப்பா வரைவை வாசித்தார். கால்வாய், பனிக்காலத்தில் பெருக்கெடுத்த கால்வாய் ஆயிற்று. இடுப்பளவு ஆழம், ஆழம் காணாத சுழல் ஆயிற்று. கேப்டன் ஓநாயின் பாதி வலு கொண்ட அல்சேஷன் ஆயிற்று.

"அது சின்ன நாய்ங்க," என்றார் ஹெட்லி. "தொப்பிக்குள்ள வெச்சுத் தூக்கலாம்."

"பாருங்க, நாயைக்கூடச் சின்னதாக்கறாரு," என்றார் சட்கிளிஃப். மேசை முழுக்கப் புன்னகைத்தது. "வெண்ணெய் இவருக்குப் பத்தாது. கரண்டிக்குப் போயிடுவோம். எங்க கையெழுத்து? ஆங். இந்தக் கோட்டு எதுக்கு நடுவுல? கதை அங்க வந்து தடுக்கி விழுது. எடுத்துடுங்க."

"எடுத்தா அந்தம்மாவை என்ன பண்றது?" என்றார் பிலிப்பா.

சட்கிளிஃப் கூரையைப் பார்த்து யோசித்தார். "கரையில் நின்று அலறிய பெண்மணி ஒருவர்."

ஹெட்லி எழுந்து நின்றார். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்த உறுப்பினர் ஒருவர், முட்டை கூடிப்போச்சு என்றார். தேநீர் வந்தது. கூடவே கேக்கும் வந்தது. அதன்மேல் நீலச் சர்க்கரையில் ஹெட்லி என்று எழுதியிருந்தது. பிறந்தநாளுக்குக்கூட அவர் பெயரை யாரும் கேக்கில் எழுதியதில்லை. நின்றவர் நின்றபடி அதைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் பெயரின் முதல் எழுத்து இருந்த துண்டை அவருக்கே கொடுத்தார்கள்.

அன்றைக்குப் பிறகு அவர் மறுக்கும் விதம் மாறிப்போயிற்று. கொதிகலன் பார்க்கப் போன வீடுகளில் நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், நல்ல பிஸ்கட்டை எடுத்தார்கள். 'நீங்கதானே அந்த நாயை...' என்று தொடங்குவார்கள். 'அட, அது ஒண்ணுமில்லீங்க' என்பார். வார்த்தை பழைய வார்த்தைதான். ஆனால் வீரர்கள் அதை எந்தத் தொனியில் சொல்வார்களோ அந்தத் தொனி தன் குரலில் வந்துவிட்டதை ஹெட்லியே கேட்டார். உண்மையைச் சொல்லிக்கொண்டே பொய் சொல்ல முடியும் என்பது அவருக்கு அந்த வயதில்தான் தெரிந்தது. பிஸ்கட் தொண்டையில் கரகரத்தது. ஆனாலும் இன்னொன்று எடுத்தார்.

புகைப்படம் எடுக்க அல்சேஷன் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பக்கத்தில் நிற்க திருமதி பில்லிங்கையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"இது என் கேப்டன் இல்லையேம்மா," என்றார் அவர்.

"கொஞ்சம் வளந்துட்டான்னு வெச்சுக்குங்களேன்," என்றார் பிலிப்பா.

திருமதி பில்லிங் அல்சேஷனை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் வளத்திருக்கீங்க," என்று சொல்லி, அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

பிலிப்பா ஹெட்லிக்குப் பணிவுப் பயிற்சியும் கொடுத்தார். கைதட்டும்போது தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், பார்வை காலணியில் இருக்க வேண்டும், சிரிப்பு தொடங்கி நின்றுவிட வேண்டும். "நான் உண்மையிலேயே எதுவும் பண்ணல மேடம்," என்றார் ஹெட்லி, அடிவயிற்றிலிருந்து. "இதே தொனி. மேடையில இதை மாத்தவே மாத்தாதீங்க," என்றார் அவர்.

படமும் புகழுரையின் சுருக்கமும் வார இதழில் வந்தன. அந்த வெள்ளிக்கிழமை ஹெட்லி மீன் கடை வரிசையில் கடைசியாக நின்று, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே இருந்தார். ஒருவழியாக அவர் முறை வந்தபோது கடை காலியாகிவிட்டது.

"என்ன வேணும் சார்?" என்றார் மேவிஸ்.

அந்த 'சார்' நன்றாகவே தைத்தது. "மேவிஸ்..."

"மீனா, பட்டாணியா? வீரருங்க என்ன சாப்பிடுவாங்கன்னு நமக்கென்ன தெரியும். நாமதான் கரையில நின்னு அலறிட்டிருந்தோமே."

"அதை நான் எழுதல. அவங்களா கத கட்டி விடறாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"கடைசி வரைக்கும் சொன்னியா?"

ஹெட்லி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொதிக்கிற எண்ணெயைப் பார்த்தார். கேக் ஞாபகம் வந்தது. "இல்ல," என்றார்.

மேவிஸ் மீனைத் தாளில் வைத்து மடித்தார். கை வேகமாக ஓடியது, பேச்சு மெதுவாக வந்தது. "பதக்கம் எனக்கு வேணாம் ஹெட்லி. அதை மாட்டிட்டு நான் எங்க போகப்போறேன், உருளைக்கிழங்கு உரிக்கவா? அவனுங்க பீலா விடறது எனக்குப் புதுசும் இல்ல. ஆனா அன்னிக்கு அந்தத் தண்ணியிலேர்ந்து ஏறி வர்றப்போ நீ அந்தக் கோட்டை நெஞ்சுக்குள்ள வெச்சுட்டு நின்னே பாரு. எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான். அதைக்கூட எடுத்துட்டாங்களே. நீயும் பாத்துட்டு உக்காந்திருந்திருக்கே."

"விழாவுக்கு வா. மேடையில எல்லார் முன்னாடியும் நடந்ததை நடந்தபடி சொல்றேன். சத்தியமா சொல்றேன். சொன்னதுக்கப்புறம் மோர்கம் பத்தி நீ முடிவு பண்ணு."

மேவிஸ் பொட்டலத்தை நீட்டினார். "வர்றேன். உனக்காக வரல. அலறினது நான் இல்லேன்னு ஒருத்தர் வாயாலயாவது கேக்கணும், அதுக்கு வர்றேன்."

ஏப்ரல் நடுவில் நகர மண்டபத்தில் விழா. மேவிஸ் கடைசி வரிசையில், அதே கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்கிளிஃப் கழுத்தில் பதவிச் சங்கிலியுடன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம நீச்சல் குளத்தை மூடினப்போ சில பேரு கேட்டாங்க, ஜனங்க இனிமே எங்க நீந்துவாங்கன்னு. நான் அப்பவே சொன்னேன், பொறுங்கன்னு. இதோ நிக்கறாரு பதில். நாப்பது வருஷம் குளம் தெறந்திருந்துச்சே, அப்போ யாராவது ஒருத்தரு சுழல்ல குதிச்சு அல்சேஷனைத் தூக்கினதுண்டா? குளம்தான் நம்ம வீரத்தை நாலு சுவருக்குள்ள பூட்டி வெச்சிருந்திருக்கு. பூட்டை ஒடைச்சது மன்றம். அதை நாங்க வெளிய சொல்லிக்க மாட்டோம். எங்களுக்கும் பணிவு உண்டு. பயிற்சி எடுத்திருக்கோம்."

நீளமாகக் கைதட்டினார்கள். ஹெட்லியைப் பேச அழைத்தார்கள்.

"நான் எறங்கல," என்றார் ஹெட்லி. "எறங்கினது மேவிஸ் ஹாஸ்லம். அதோ பின்னாடி உக்காந்திருக்காங்க. அவங்க அலறல. நான்தான் அவங்க கோட்டைப் புடிச்சிட்டுக் கரையில நின்னேன். அந்த நாய் சின்னது. தண்ணி இடுப்பளவுதான்."

மண்டபம் முழுதும் எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெருமையை அலறினவங்களுக்கே தூக்கிக் குடுக்கறாரு பாருங்க," என்று யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கடைசி வரிசையில் மேவிஸ் எழுந்தார். "அவரு சொல்றது நெசம். நான்தான் எறங்கினேன்."

கைதட்டல் அப்படியே வடிந்தது. எல்லாரும் நிகழ்ச்சி நிரலைக் குனிந்து படித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுக் கூட்டத்தில் ஒருவரின் பாவாடை கழன்று விழுந்திருந்தால் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ அப்படித் திருப்பிக்கொண்டார்கள்.

"அம்மா, உங்க நெலமை புரியுது," என்றார் சட்கிளிஃப், மிக இதமாக. "கண்ணெதிர்ல பாத்த அதிர்ச்சி. மன்றத்துல ஆறுதல் ஆலோசனைக்கு ஆள் வெச்சிருக்கோம். வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவாங்க. இப்ப உக்காருங்க."

மேவிஸின் காது வரை சிவந்தது. அவர் உட்காரவில்லை. ஹெட்லியை மட்டும் பார்த்தார்.

தன்னால்தான் அவர் அங்கே நிற்கிறார் என்பது ஹெட்லிக்குத் தெரிந்தது. கையில் இருந்தது உண்மை ஒன்றுதான். அதைச் சொல்லியாயிற்று, அதற்கும் கைதட்டிவிட்டார்கள். சட்கிளிஃப் பதக்கத்துடன் நெருங்கி, ஊசியைத் திறந்தார். பதக்கம் குத்தப்பட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். பிலிப்பா சமையலறையில் சொன்ன விதி அப்போதுதான் ஞாபகம் வந்தது: தன் வாயால் ஒரே ஒரு வாக்கியம். வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. மைக்கைப் பிடித்து இழுத்தார்.

"ஆமாய்யா, நான்தான் காப்பாத்தினேன். ஒத்தை ஆளா. இந்த ஊர்ல எனக்கு ஈடா ஒரு தைரியசாலி இருந்தா எழுந்து நில்லுங்க பாப்போம். இது என்ன, ஒரே ஒரு பதக்கம்? நான் செஞ்ச வேலைக்கு ரெண்டு குடுக்கணும்."

மண்டபம் குளிர்ந்து போயிற்று. முன்வரிசை அம்மாள் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். சட்கிளிஃபின் கை பாதியில் நின்றது. பதக்கம் அவருடைய கால்சட்டைப் பைக்குள் போயிற்று.

"வருத்தமா இருக்கு," என்றார் அவர் மைக்கில். "எவ்வளவு பெரிய காரியம் செஞ்சவரு. சொல்லாம இருந்திருக்கலாம்."

காப்பாற்றியது ஹெட்லி என்பதை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. ஹெட்லி சொன்னதில் முதல் முறையாக அவர்கள் நம்பியது அதைத்தான்.

வெளியே படிக்கட்டில் மேவிஸ் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஹெட்லி மூச்சிரைக்க வந்தார்.

"பதக்கம் போயிடுச்சு, மேவிஸ். அதை ஒழிக்கறதுக்குத்தான் அப்படிப் பேசினேன். அவங்க விதியே அதான்."

"தெரியுது."

"வேற வழி தெரியல."

"தெரியுதுன்னேனே. உன் மேல இருந்தத எறக்கி வெக்கணும்னு பாத்தே, எறக்கிட்டே. எங்க எறக்கினே?" கடைசிப் பொத்தானைப் போட்டார். "இவ்வளவு நாளா அவனுங்கதான் சொல்லிட்டிருந்தானுங்க, நீ காப்பாத்தினேன்னு. இன்னிக்கு உன் வாயாலயே சொல்லிட்டே. நான் நின்னுட்டிருக்கேன், ஹெட்லி. என்னைப் பாத்துட்டேதான் சொன்னே."

ஹெட்லி காலணியைப் பார்த்தார். பயிற்சியினால் அல்ல. தலையை உயர்த்தியபோது மேவிஸ் கீழ்ப்படியைக் கடந்திருந்தார்.

அடுத்த வார இதழ், நாயை மீட்டவர் தற்பெருமையால் பதக்கத்தை இழந்தார் என்று எழுதியது. வீடுகளில் ஹெட்லிக்கு நல்ல நாற்காலி போடுவது நின்றுபோயிற்று. கொதிகலனைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். அவர் தூங்காமல் யோசித்து, நடந்ததை நடந்தபடி எழுதி இதழுக்கு அனுப்பினார். மீட்டது மேவிஸ் என்றும், தான் மேடையில் சொன்னது பொய் என்றும், அதற்காக வெட்கப்படுவதாகவும் அதில் இருந்தது. 'தற்பெருமைக்கு வருந்துகிறார் வீரர்' என்ற தலைப்பில் அது முழுமையாக வெளிவந்தது.

துணைக்குழு அவசரமாகக் கூடியது. தன் சாதனையைத் தானே பொய் என்று சொல்லும் அளவுக்குப் பணிந்த குடிமகனை மன்றம் இதுவரை கண்டதில்லை என்று தீர்மானித்தது. யாரும் முட்டை ஆட்சேபம் சொல்லவில்லை. அன்று தேநீர் வரவில்லை. பதக்கம் பதிவுத் தபாலில் ஹெட்லியின் வீட்டுக்கு வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனார். திருப்பித் தருவோருக்கென்று பதக்கத்தில் கூடுதலாகப் பொருத்தும் ஒரு வெள்ளிப் பட்டை இருப்பதாகச் சொல்லி, பிலிப்பா அதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்.

மே மாதத்து விடுமுறைத் திங்களன்று மேவிஸ் கடையைப் பூட்டிவிட்டுத் தன் தங்கையுடன் மோர்கம் போய் வந்தார். ஹெட்லி இப்போது வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊரில் சாப்பிடுகிறார். நீச்சல் குளத்தை ஜூன் மாதம் இடித்தார்கள். அங்கே கார்கள் நிற்கின்றன. வாகன நிறுத்துமிடத்துக்கு ஹெட்லி என்ட்விசிலின் பெயரை வைத்திருக்கிறார்கள்.